இரண்டு அடி கூடுதல்

டன்ஸ்பி மாளிகை,
யார்க்‌ஷயர்.
அக்டோபர் 1916

மேன்மைதங்கிய டன்ஸ்பி பிரபு, கர்னல் அவர்களின் சமூகத்துக்கு, கெசியா ஓட்ஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

மரியாதை இதோடு முடிந்தது. உறையின் மேலே பிரபு என்று எழுதியிருக்கிறேன், தபால்காரருக்கு அது போதும். உள்ளே நீ லயனல்தான். என்னிடம் பால் குடித்தவனைத் தாங்கள், தங்கள் என்று எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடாது. இன்றைக்கோ கை ஓடியே ஆக வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மனைவி நலம். காயம்பட்டவர்களுக்காகப் பெரிய கூடத்தில் கட்டில் போட்டதிலிருந்து அவர் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறார், அழுவதற்கு நேரம் இல்லை, அதுவும் நல்லதற்குத்தான். உன் மகன் ஜூலியனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வேட்டை நாய்களைப் பார்த்துக்கொள்ளும் கிழவன் பிராட், அடுத்த மாதம் சின்னவனைக் குதிரைக்குட்டியில் ஏற்றி நரி வேட்டைக்குக் கூட்டிப்போகிறேன், முதல் நரி விழுந்ததும் முகத்தில் அதன் ரத்தம் தடவுகிறேன், வம்சத்தில் எல்லோருக்கும் நான்தான் தடவினேன் என்று வந்து நின்றான். ஐரோப்பா முழுக்க ரத்தமாக இருக்கிறது, உனக்கு நரியின் ரத்தம் போதாதா என்று கேட்டுத் துரத்திவிட்டேன். நீ கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள்.

உனக்குத் தடவிய நாள் எனக்கு மறக்கவில்லை. வெட்டிய நரிவாலை எடுத்து உன் இரண்டு கன்னத்திலும் இழுத்தான் பிராட். நாய்களின் பின்னால் ஓடிவந்த என் மகன் ஆமோஸுக்கும் விளையாட்டாகத் தடவினார்கள். மறுநாள் காலை வரை கழுவக்கூடாது என்பது வழக்கம். ஆமோஸ் வீடு வந்து சேர்வதற்குள் குதிரைத் தொட்டியில் முகத்தை முக்கி எடுத்துவிட்டான். நீ கழுவவில்லை. காய்ந்த ரத்தம் கன்னத்தில் வெடிக்க, நாற்றம் தாங்காமல் என் மடியில் இரண்டு முறை வாந்தி எடுத்தாய். ஈரத்துணியைக் கொண்டுவந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் கெசி, கழுவக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாய். அப்போது உனக்கு ஆறு வயது. உன்னை நினைத்து நான் பயந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அடுத்த வருடம் சூடானில் உன் அப்பாவை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். தந்தி வந்த காலையில், நேற்று வரை பிட்டத்தில் அடி வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு முன்னால் முழங்காலை மடக்கி முதலில் வணங்கியவள் நான்தான். "பிரபு" என்று கூப்பிட்டேன். நீ சற்று யோசித்துவிட்டு, "அப்போ இனிமே என்னை யாரும் அடிக்க மாட்டாங்களா கெசி?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன், அழுகையும் வந்தது.

ஆனால் அடித்தார்கள். நீயும் ஆமோஸும் நாய்க்கூண்டைத் திறந்துவிட்ட வசந்தகாலம் ஞாபகம் இருக்கிறதா? மேல்வயலில் புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டிகளையெல்லாம் நாய்கள் குதறிவிட்டன. குடல் வேலியில் தொங்கியது. ஆசிரியர் ஆளுக்கு ஆறு பிரம்படி கொடுத்தார். வாங்கி முடித்ததும் நீ கையை இறக்கவே இல்லை. "நான் பிரபு, எனக்கு ரெண்டு கூடுதலா குடுங்க" என்றாய். கொடுத்தார். அதோடு விட்டாயா? ஆமோஸைக் காட்டி, "இவன் என் ஆளு. இவனுக்கும் ரெண்டு கூடுதல்" என்றாய். உன் பட்டாளத்தோடு போருக்குப் போகும் வரை இதைச் சொல்லிச் சொல்லி ஆமோஸ் சிரிப்பான். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. உன் நியாயம் அன்றைக்கே முழுதாக வளர்ந்துவிட்டது லயனல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை உன் பட்டாளத்துச் சார்ஜென்ட் லம்லி வந்தான். இடது சட்டைக்கை தோளிலேயே ஊசி போட்டுக் குத்தியிருந்தது. ரொட்டியில் வெண்ணெய் தடவ ஒரு கையால் முடியவில்லை, நான்தான் தடவிக் கொடுத்தேன். அதைத் தின்று முடித்தான். பிறகு சொன்னான்: "ஆயிரம் பேர் செத்ததப் பாத்துட்டேன் கெசியாம்மா. மரத்துல கால் தொங்கறதப் பாத்திருக்கேன். அதெல்லாம் கனவுல வரல. ஜெம் பையன் வர்றான்."

ஹெஸ்டர் கிரேக்கின் மகன் ஜெம். நம் பால்பண்ணையில் மாடு கறந்த பையன். அவன் செத்தான் என்று ஹெஸ்டருக்கு நீ எழுதிய கடிதத்தை ஞாயிறுதோறும் கோயில் முடிந்ததும் அவளுக்கு நான்தான் படித்துக் காட்டுகிறேன், அவளுக்கு எழுத்துத் தெரியாது. கடைசி நேரத்தில் நான் அவன் பக்கத்தில் இருந்தேன், வலி நீடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். எவ்வளவு நல்ல கடிதம் என்று ஊரே சொல்லிற்று. நானும் சொன்னேன்.

லம்லி மீதியைச் சொன்னான். குண்டு மழையில் ஜெம் வரிசையை விட்டு நடந்தே போய்விட்டானாம். ஒரு பிரெஞ்சுக்காரன் கொட்டகையில், கன்றுக்குட்டியின் மேல் கையைப் போட்டுக்கொண்டு தூங்கும்போது பிடித்தார்களாம். ராணுவ நீதிமன்றம் சாவு என்று எழுதிவிட்டு, இவன் எப்படிப்பட்டவன், தண்டனையை நிறைவேற்றலாமா என்று அவனுடைய கர்னலைக் கேட்டதாம். கர்னல் நீ. நிறைவேற்றலாம் என்று எழுதினாய். என் பண்ணை ஆளுக்கு நான் சலுகை காட்டினால் மற்ற ஊர்ப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று நினைத்திருப்பாய். உன் மனசு எனக்குத் தெரியாதா?

"எங்க பட்டாளத்துலேர்ந்தே பன்னெண்டு பேரப் பொறுக்கினாங்க" என்றான் லம்லி. "நிதானமான ஆளா, குறி தப்பாதவனா. ஆமோஸையும் சேத்துத்தான். அங்க இருந்த ஊர்ல ஒரு கசாப்புக் கொட்டில், அதோட முற்றத்துல கம்பம். பையன் நெஞ்சுல குறிக்காக வெள்ளைத் துணி குத்தியிருந்தது. பன்னெண்டு துப்பாக்கியும் வெடிச்சுது. சுவத்துச் சுண்ணாம்பு கொட்டுது, பையன் நிக்கிறான். எல்லாரும் தள்ளிச் சுட்டுட்டாங்க கெசியாம்மா! அடுத்தவன் பாத்துக்குவான், என் கையால வேணாம்னு ஒவ்வொருத்தனும் நெனச்சிருக்கான். தப்பிப்போனதுல ஒண்ணு வயித்துல பட்டுது, ஒண்ணு தொடையில. கன்னுக்குட்டி மாதிரி கத்தறான். முடிச்சு வைக்க வேண்டிய லெப்டினன்ட் சின்னப் பையன், கையிலேர்ந்து ரிவால்வர் விழுந்துடுச்சு. அப்போ பிரபு நடந்து வந்தாரு. குனிஞ்சு எடுத்தாரு."

ஜெம்மைப் பற்றி அதற்குமேல் நான் கேட்கவில்லை. நீ பொய் எழுதவில்லை. பக்கத்தில்தான் இருந்திருக்கிறாய். உன் கடிதத்தில் ஒரு வார்த்தை பொய் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து ஆமோஸ் சரியாகச் சாப்பிடவில்லையாம். நான் நேராகச் சுட்டிருந்தால் அவன் அப்படிக் கத்தியிருக்க மாட்டான் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தானாம். அடுத்த தாக்குதலுக்கு ஊதல் ஊதியதும் எல்லோரும் பதுங்குகுழி ஏணியில் ஏற, இவன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேலை முடிந்த தோட்டக்காரன் மாதிரி உட்கார்ந்துவிட்டான். அதிகாரி கைத்துப்பாக்கியைக் காட்டி எழுந்திரு என்றதற்கு, "சுடறதுன்னா நேரா சுடுங்க சார்" என்றானாம்.

இப்போது அவனுக்கும் சாவு என்று தீர்ப்பு. அவனைப் பற்றியும் கர்னல் எழுத வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். ஹெஸ்டரின் மகனைக் கொன்றுவிட்டு என் செவிலியின் மகனை விடுவது எப்படி என்று கேட்பாய். என் ஆள், அதனால் இரண்டு அடி கூடுதல் என்று எழுதுவாய். உன் கணக்குத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஹெஸ்டருக்குத் தெரிந்தால் அவளும் அதைத்தான் கேட்பாள். நான் நியாயம் கேட்கவில்லை லயனல். பிச்சை கேட்கிறேன். நீ அழுதால் அவனை இறக்கிவிட்டு உன்னைத் தூக்கினேன், அவன் பசியோடு தூங்கிய நாள் உண்டு. அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன், சொல்லிக்காட்டக் கூடாதுதான். சொல்லிக்காட்டுகிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நியாயம் இல்லாமல் நட.

முகத்தைக் கழுவிக்கொள்ளடா. யாரும் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கடவுள் உன் கையைப் பிடித்து எழுத வைக்கட்டும்.

உன்
கெசி

—

பிரான்ஸ்,
போர்முனை

அன்புள்ள கெசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அது வருவதற்கு முதல் நாளே நான் எழுதி அனுப்பிவிட்டேன். நீ சொன்னபடியேதான் எழுதியிருந்தேன். இரண்டு அடி கூடுதல்.

படித்து முடித்ததும் செர்ரியில் ஏறிப் படைத்தலைமையகத்துக்குப் புறப்பட்டேன். ஆமோஸ் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த அந்தப் பெட்டைக்குதிரை. சாலை முழுக்க பீரங்கிக் குண்டு விழுந்துகொண்டிருந்தது. கோவேறு கழுதைகள் வண்டியோடு பிய்ந்து கிடந்தன, ஓட்டி எது, கழுதை எது என்று தெரியவில்லை. பாலத்தருகே ஒன்று வெடித்து செர்ரியின் வயிறு திறந்துவிட்டது. தன் குடலைத் தானே மிதித்துக்கொண்டு எழப் பார்த்தாள். அன்றைக்குக் குனிந்து எடுத்து நானே வைத்துக்கொண்ட அதே ரிவால்வரால் சுட்டேன். நேராகத்தான் சுட்டேன். மீதி வழியை நடந்தேன்.

ஜெனரல் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். நான் எழுதியதைத் திருப்பிக் கொடுங்கள், மாற்றி எழுத வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "குடுத்த வார்த்தைய டன்ஸ்பி பிரபு திரும்பக் கேக்கறாரா? உங்க தாத்தா காதுல விழுந்தா என்ன ஆகும்?" என்றார். என் ஆடையெல்லாம் குதிரையின் ரத்தம். அதைப் பார்த்த பிறகு அவர் சிரிக்கவில்லை. காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். நல்லவன், உடைந்துபோயிருக்கிறான், உயிரோடு விடவும் என்று.

விட்டுவிட்டார்கள். சிறைத்தண்டனையாக மாற்றி, அதையும் போர் முடியும்வரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். துப்பாக்கியை அவன் தொட மாட்டான். அதனால் காயம்பட்டவர்களைத் தூக்கும் தூளிக்காரர்களோடு சேர்த்துவிட்டேன். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான். "ரெண்டு கூடுதலா வாங்கியாச்சுல்ல, விடுங்க" என்றான். சிரிக்க முயன்றான் என்று நினைக்கிறேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன் கெசி. ஆனால் ஜெம்முக்காக யாரும் குதிரை ஏறிப் போகவில்லை.

லம்லி சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். நான் குனிந்தபோது ஜெம் என்னை அடையாளம் கண்டுகொண்டான். கண்கட்டு நழுவியிருந்தது. கத்துவதை நிறுத்திவிட்டு, "சீக்கிரம் முடிச்சிடுங்க பிரபு, ரொம்ப வலிக்குது" என்றான். பால் கொண்டுவந்தேன் பிரபு என்று கொல்லையில் நின்று சொல்வானே, அதே மரியாதையோடு. நான் முடித்தேன். அவன் நெற்றி சூடாக இருந்தது. என் முகத்தில் தெறித்ததை மறுநாள் காலை வரை கழுவவில்லை என்பது உன் கடிதத்தைப் படித்தபோதுதான் ஞாபகம் வந்தது.

மழை விட்டதும் மேட்டைப் பிடிக்கப் போகிறோம். கர்னல் பின்னால், தொலைபேசி அருகில் இருக்க வேண்டும் என்பது ஆணை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆணையை மீறப்போகிறேன். கைத்தடியோடு முன்னால் நடப்பேன். ஜெர்மன்காரர்கள் குறி தப்பாதவர்கள்.

தந்தி வந்தால் வேறு யாரும் முந்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள். ஜூலியனை முதலில் நீதான் வணங்க வேண்டும். யாராவது அடிப்பார்களா என்று கேட்டால், அடிக்க மாட்டார்கள் என்று சொல். அதற்குப் பிறகு ஹெஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. செத்தவனை மன்னிப்பது அவளுக்குச் சுலபம்.

என்றும் உன்
லயனல்

—

டன்ஸ்பி மாளிகை

லயனல்,

இந்தத் தடவை உள்ளே பிரபு கிடையாது, வணக்கமும் கிடையாது. உன் கடிதம் வந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. மாலைத் தபாலைப் பிடிக்க வேண்டும்.

என் மகனை எனக்குக் கொடுத்தாய். அதற்காக அடுப்படித் தரையில் விழுந்து அழுதேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இனிமேல் திட்டுவதற்கு நடுவில் மறந்துபோகும்.

ஜூலியனை நான் வணங்க மாட்டேன். எனக்கு முழங்கால் வலி. ஒரு வாழ்நாளுக்கு ஒரு குழந்தையிடம் மண்டியிட்டது போதும். முன்பல் இல்லாத ஒரு பிள்ளையின் தலையில் இந்தப் பட்டத்தை வைத்துவிட்டு நீ நிம்மதியாகப் படுத்துக்கொள்வாய், அவன் ஏழு வயதில் எனக்கு இரண்டு கூடுதல் என்று கை நீட்டிக்கொண்டு நிற்பான். அப்படித்தானே உங்கள் வம்சம் ஓடுகிறது? கூடத்துச் சுவர் நெடுக வாள் வைத்த படங்கள். ஒருவர்கூட வயதாகிப் படுக்கையில் சாகவில்லை. பெருமை என்று நினைத்துத் தூசி துடைத்துக்கொண்டிருந்தேன். இவர்களில் எத்தனை பேர் யாருடைய முகத்தையோ பார்க்க முடியாமல் போய் விழுந்தார்களோ என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது.

மேட்டில் முன்னால் நடப்பாயாம், கைத்தடியோடு. சரி, நட. குறி தப்பாதவர்கள் என்கிறாய். ஆனால் பன்னிரண்டு குறி தப்பாதவர்கள் சுட்டு என்ன ஆயிற்று என்று நீயே பார்த்தாய். உன்னையும் வயிற்றில்தான் சுடுவார்கள். முள்கம்பியில் தொங்கிக்கொண்டு நீ கத்துவாய். தூளிக்காரர்களில் யார் வெளியே வருவான் என்று நினைக்கிறாய்? அடுத்தவன் பார்த்துக்கொள்வான் என்று ஆமோஸ் இனிமேல் எந்தக் காலத்திலும் சும்மா இருக்க மாட்டான். அந்தப் பாடம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. குண்டு மழையில் கையில் ஒன்றுமில்லாமல் உன்னை எடுக்க வருவான். குதிரையைக் கொன்று நீ கிழித்த காகிதம் அதோடு வீண். இதை நீ யோசிக்கவில்லை. உன்னைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறாய்.

இன்னொன்று. ஹெஸ்டர் நேற்று வந்தாள், ஞாயிறல்லவா. எனக்கென்று ஒரு துண்டு பாலாடைக்கட்டி, துணியில் சுற்றிக்கொண்டு. கடிதத்தைப் படி என்றாள். ஆமோஸ் விஷயம் மனத்தில் இருக்க, படித்தேன். கடைசி நேரத்தில் நான் அவன் பக்கத்தில் இருந்தேன் என்ற இடத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். "எம் புள்ளைக்குப் பக்கத்துல பிரபுவே இருந்திருக்காரு கெசியா. மாட்டுக்காரப் பையன்தானேன்னு விட்டுட்டுப் போகல பாரு. எனக்கு அது போதும்" என்றாள். நான் அடுப்பைக் கிளறுவதற்குத் திரும்பிக்கொண்டேன்.

நீ செத்தபிறகு இதை நான் அவளிடம் சொல்ல வேண்டுமாம். மாட்டேன். துப்பாக்கியைக் குனிந்து எடுத்தவன் வந்து சொல்லட்டும். சாவது உனக்குச் சுலபம் லயனல், உங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது கைவந்த கலை. ஹெஸ்டரின் கதவைத் தட்டுவது கஷ்டம். இரண்டு அடி கூடுதல் வேண்டும் என்பாயே, இதோ இருக்கிறது, வந்து வாங்கிக்கொள். அவள் உன் முகத்தில் துப்பலாம். கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கலாம். நிலத்தையும் நீட்டாதே, பட்டத்தையும் காட்டாதே. நின்று வாங்கிக்கொள். அதற்குப் பிறகு என் அடுப்படிக்கு வா, வெந்நீர் வைத்திருக்கிறேன், முகத்தை நானே கழுவிவிடுகிறேன்.

ஆணையின்படி தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார். வாழ்நாளெல்லாம் விதியை மீறாதவன் இதற்காகவா மீற வேண்டும்? ஆமோஸிடம் அவன் அம்மா கம்பளிக் காலுறை அனுப்புகிறாள் என்று சொல். உனக்கும் ஒரு ஜோடி அதே பொட்டலத்தில் இருக்கிறது. இரண்டு பேரும் சொந்தக் காலில் நடந்து வந்து இந்த வாசலில் நில்லுங்கள். கடவுளிடம் இதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

ஹெஸ்டரிடம் நேற்றே ஒன்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. எனக்குக் கண் மங்குகிறது, இனி இந்தக் கடிதத்தை என்னால் படிக்க முடியாது, போர் முடிந்ததும் பிரபுவே வந்து உனக்குப் படித்துச் சொல்வார் என்றேன். முதலில் நம்பவில்லை. பிறகு கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அவரு உக்கார ஒரு நல்ல நாற்காலி வேணுமே கெசியா, எங்கிட்ட இல்லையே" என்றாள். ஜெம்முடைய நாற்காலியைத் துடைத்து வைக்கப்போகிறாளாம்.

கெசி